வெளியாள் யார்?

வடசென்னையில் பந்தாடுகிற தம்பி ஒருவன் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனான். அவன் ஆடுகிற கிளப்பில் அவனுடைய இடத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். மூன்று ஆட்டமாக இவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாண்ணா, இட ஒதுக்கீடு வோணும்னு ஊர் ஊரா போய் பேசுறீங்க. ஒரு டீம்ல இத்தினி பேருதான் வெளிநாட்டுக்காரன் இருக்கணும்னு சட்டம் போட்டா அதுவும் இட ஒதுக்கீடுதானே? நம்ம ஆளுக்கு எடம் வோணும்னுதானே ரெண்டும் சொல்லுது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் தத்துவம் பேச வரவில்லை, வயிற்றெரிச்சலில் கேட்கிறான். கேள்வியில் நியாயம் இருக்கிற மாதிரியும் தெரிகிறது. ஆனால் 'நம்ம ஆளு' என்று அவன் சொன்னபோது எனக்கு உறுத்தியது. ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவர்கள் நாம். பிறந்த மண்ணிலேயே வெளியாளாக ஆக்கப்பட்டவர்கள். 'உள்ளூர்க்காரனுக்கே உரிமை' என்று எவராவது கொடி பிடித்தால், அந்த ஊருக்குள் சேரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியது நம்முடைய வேலை. கால்பந்தாட்டத்தில் அதைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரனுக்குக் கதவை அடைத்து நீண்ட காலம் பூட்டி வைத்திருந்த நாடு அது.

1

1930-இல் ஆர்சனல் கிளப் ருடி ஹைடன் என்ற ஆஸ்திரிய கோல்கீப்பரைச் சேர்க்க முயன்றது. அவரை டோவர் துறைமுகத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், வெளிநாட்டுக்காரர் யாராக இருந்தாலும் இரண்டு ஆண்டு அங்கே குடியிருந்த பிறகுதான் ஆடலாம் என்று விதி போட்டது. சம்பளம் இல்லாமல் இரண்டு வருஷம் எந்த ஆட்டக்காரன் காத்துக் கிடப்பான்? விதி போடப்பட்ட நோக்கமே அதுதான். 1978 வரை, 47 ஆண்டுகள், அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது.

சரி, கதவு மூடியிருந்ததே, உள்ளே இருந்த எல்லாருக்கும் இடம் கிடைத்ததா?

ஜாக் லெஸ்லி என்று ஒருவர். லண்டன் கேனிங் டவுனில் பிறந்தவர். தகப்பனார் ஜமைக்காக்காரர். பிளிமத் ஆர்கைல் கிளப்புக்காக 130-க்கும் மேல் கோல் போட்டவர். கதவு பூட்டப்படுவதற்கு முன்னால், 1925-இல், இங்கிலாந்து தேசிய அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக அவருடைய மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். சில நாளில் பத்திரிகையில் பட்டியல் வந்தபோது அவர் இடத்தில் வேறு பெயர். ஆடியதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பிறகுதான் நிறம் தெரிந்தது என்றுதான் அவர் கடைசிவரை நம்பினார். வயதான காலத்தில் வெஸ்ட் ஹாம் கிளப்பில் ஆட்டக்காரர்களின் பூட்ஸைச் சுத்தம் செய்கிற வேலை பார்த்தார். 1988-இல் இறந்தார். அவருக்குச் சேர வேண்டிய தேசிய அணித் தொப்பியை 2023-இல்தான் குடும்பத்திடம் கொடுத்தார்கள்.

இவர் வெளிநாட்டுக்காரரா? லண்டனில் பிறந்து வளர்ந்த மண்ணின் மைந்தர். ஆனாலும் மண்ணின் மைந்தர் கணக்கில் அவர் வரவில்லை. இங்கிலாந்தின் முழு தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பர் என்று அறியப்படுகிற விவ் ஆண்டர்சன் 1978 நவம்பரில்தான் களம் இறங்கினார். வெளிநாட்டுக்காரனுக்குப் போட்ட பூட்டு கழன்றதும் அதே வருஷம். ஒன்றால் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. வெளியாளைத் தடுத்த 47 வருஷமும் உள்ளே இருந்த கறுப்பனுக்கு எந்த இடத்தையும் வாங்கித் தரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். வெளியே பூட்டுகிறவன் உள்ளேயும் ஒரு பூட்டு வைத்திருக்கிறான். வெளிப்பூட்டைக் காட்டி உன்னைக் காப்பாற்றுகிறேன் என்கிறான், உள்பூட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2

இனி அந்தப் பூட்டு எப்படி 'நவீன'மானது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கிலாந்தில் வேலை அனுமதி தேவைப்பட்டது. 2015-இல் அதற்குத் திருத்திய விதி ஒன்று வந்தது. உலகத் தரவரிசையில் முதல் 10 இடத்துக்குள் இருக்கிற நாட்டுக்காரன் என்றால், முந்தைய இரண்டு ஆண்டுகளில் தன் தேசிய அணி ஆடிய ஆட்டங்களில் 30 சதவீதம் ஆடியிருந்தால் போதும் என்றிருந்தது. 11 முதல் 20 வரை 45 சதவீதம். 21 முதல் 30 வரை 60. 31 முதல் 50 வரை 75. ஐம்பதுக்குக் கீழே இருந்த நாட்டில் பிறந்தவனுக்கு நேர்வழியே இருக்கவில்லை, விதிவிலக்கு கேட்டுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வுதான் நினைவுக்கு வந்தது. மேலே இருக்கிறவன் கொஞ்சம் ஆடினாலே தகுதி. கீழே இறங்க இறங்க இரண்டு மடங்கு நிரூபிக்க வேண்டும். அடிமட்டத்தில் இருக்கிறவன் எவ்வளவு ஆடினாலும் எண்ணிக்கையில் வர மாட்டான். ஆட்டக்காரனின் திறமையை அவன் காலை வைத்து அளக்காமல் அவன் பிறந்த நாட்டின் இடத்தை வைத்து அளந்தார்கள். லைபீரியா போன்ற ஒரு சின்ன நாட்டில் பிறந்த ஜார்ஜ் வேயா 1995-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். திறமை தரவரிசை பார்த்துப் பிறப்பதில்லை. 'தகுதி, திறமை' என்ற பேச்சை நாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். அந்தப் பேச்சுக்குள் பிறப்பு எப்படி ஒளிந்துகொண்டு வருகிறது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

3

அப்படியென்றால் எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் தம்பியின் வயிற்றெரிச்சலையும் மதிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் கதவு திறந்த கதை ஒரு தொழிலாளியின் கதை. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக் கிளப் ஒன்றில் ஆடியவர் ஜான் மார்க் போஸ்மன். 1990-இல் ஒப்பந்தம் முடிந்தது. மாதம் சுமார் 120,000 பிராங்க் வாங்கியவருக்கு இனி 30,000 என்றார்கள். அவர் பிரான்சில் டன்கர்க் கிளப்புக்குப் போகப் பார்த்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் சம்மதித்து ஓலை அனுப்பினால்தான் போகலாம் என்பது அன்றைய விதி. அனுப்பவில்லை. கூலியையும் குறைப்பேன், வேறு இடத்துக்கும் விடமாட்டேன்! நம்ம தாத்தன் பாட்டன் பண்ணையாளாகக் கிடந்த கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

போஸ்மன் வழக்குப் போட்டார். ஐந்து ஆண்டு இழுத்தது. 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால் பழைய கிளப் விலை கேட்கக் கூடாது. கிளப் ஆட்டங்களில் ஒன்றியத்து நாட்டுக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கக் கூடாது. அதுவரை ஐரோப்பியப் போட்டிகளில் மூன்று வெளிநாட்டுக்காரர், அந்த நாட்டிலேயே ஆடி வளர்ந்த இன்னும் இரண்டு பேர் என்று வரம்பு இருந்தது. இங்கிலாந்துக் கிளப்பில் ஆடிய ஸ்காட்லாந்துக்காரனும் வேல்ஸ்காரனும்கூட அந்தக் கணக்கில் வெளிநாட்டுக்காரன்! யார் வெளியாள் என்பது இயற்கை கொடுத்த பெயரல்ல, விதி எழுதுகிறவன் கொடுக்கிற பெயர்.

தொழிலாளியின் காலில் கிடந்த சங்கிலி அறுந்தது. நல்லது. ஆனால் அறுந்த சங்கிலியின் லாபம் எங்கே போனது? 1995-இல் ஐரோப்பியக் கோப்பை வாங்கிய அயாக்ஸ் அணியின் பிள்ளைகள் பலர் அந்தக் கிளப்பே வளர்த்தெடுத்தவர்கள். டேவிட்ஸும் ரைசிகரும் 1996-இல், குளுய்வர்ட் 1997-இல், ஒப்பந்தம் முடிந்து மிலானுக்குப் போனார்கள். வளர்த்த கிளப்புக்குக் காசு வரவில்லை. 1986-இல் ருமேனியாவின் ஸ்டியாவாவும் 1991-இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரும் வாங்கிய அந்தக் கோப்பையை, அதன் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் எந்தக் கிளப்பும் வாங்கவில்லை. 1996 முதல் 2025 வரை ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி தவிர்த்து அதை வாங்கிய கிளப்புகள் இரண்டே இரண்டுதான்: 2004-இல் போர்ட்டோ, 2025-இல் பாரிஸ். ஆட்டக்காரன் போகலாம் வரலாம் என்றாகிவிட்டது. எங்கே போவான்? பணம் இருக்கிற இடத்துக்குத்தான். அந்தச் சுதந்திரமும் ஐரோப்பியனுக்குத்தான் எழுதப்பட்டது. ஆப்பிரிக்கப் பிள்ளையைத் தரகர்கள் ஆசை காட்டிக் கூட்டிவந்து பாரிஸ் தெருவில் விட்டுவிட்டுப் போகிற கொடுமைக்கு எதிராக, கேமரூன் அணியின் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் 2000-இல் ஓர் அமைப்பே தொடங்க வேண்டியிருந்தது.

ஆக, பூட்டிய கதவும் ஆண்டைக்கு உதவுகிறது. திறந்த கதவும் ஆண்டைக்கு உதவுகிறது. கதவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் வீடு யாருடையது என்ற கேள்வி மறைந்துபோகிறது.

4

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரனுக்கு வைக்கிற வரம்பும் இட ஒதுக்கீடும் ஒன்றா?

இட ஒதுக்கீடு 'நீ எந்த நாட்டுக்காரன்' என்று கேட்பதில்லை. 'உன்னை யார், எவ்வளவு காலம் உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள்' என்று கேட்கிறது. பிறப்பைச் சொல்லி விலக்கியவர்களின் கணக்கைத் தீர்ப்பதற்காக மட்டுமே அது பிறப்பைப் பார்க்கிறது. வரம்போ உள்ளே இருக்கிற எல்லாரையும் ஒரே கூட்டமாகக் கட்டி, அதற்கு 'நம்ம ஆளு' என்று பேர் வைத்து, அந்தப் பேரில் வெளியே இருக்கிறவனைத் தள்ளுகிறது. ஒன்று அடைத்த கதவைத் திறக்கச் சொல்கிறது, இன்னொன்று திறந்த கதவை அடைக்கச் சொல்கிறது.

ஆனால் எல்லா வரம்பையும் ஒரே தராசில் போடவும் முடியாது. பலவீனமானவன் பலசாலியிடமிருந்து காத்துக்கொள்ளப் போடுகிற வேலியும், பலசாலி பலவீனமானவனை அண்டவிடாமல் போடுகிற வேலியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2006-லிருந்து படிப்படியாகக் கொண்டுவந்த ஒரு விதியை இங்கே கவனிக்கலாம். 25 பேரில் 8 பேர், 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று ஆண்டு அந்தக் கிளப்பிலோ அந்த நாட்டிலோ பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை. அகதியின் பிள்ளையும் கணக்கில் வரலாம். இதுவும் மறைமுகமாகப் பாகுபாடு காட்டக்கூடும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023-இல் சொன்னது. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். என்றாலும் பிறப்பை விட்டு உழைப்பின் பக்கம் ஓரடி நகர்ந்திருக்கிறது. அதேபோல, ஓர் ஆட்டக்காரனை ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விற்கும்போது அந்த விலையில் 5 சதவீதத்தை அவன் சிறுவயதில் ஆடிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தரச் சொல்கிற விதி 2001-லிருந்து இருக்கிறது. புழுதி மைதானத்துக்குக் காசு திரும்பி வர வேண்டும் என்கிற அந்தத் திசையில்தான் நாம் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஐந்து ஏன்? இருபது ஏன் கூடாது?

நம்ம நாட்டு ஐ.எஸ்.எல். போட்டி 2014-இல் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர் வரை ஆடலாம். 2021-22 பருவத்திலிருந்து நான்கு என்று குறைத்தார்கள். ஏழு இடம் இந்தியனுக்கு என்றார்கள். அந்த ஏழு எந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது? எந்த மைதானத்துக்குப் பயிற்சியாளர் வந்தார், எந்தக் குப்பத்துப் பிள்ளைக்கு பூட்ஸ் கிடைத்தது? இந்தக் கணக்கைக் கேட்காமல் வெளிநாட்டுக்காரனைக் குறை என்று மட்டும் கத்தினால், நாம் யாருக்காகவோ கத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பிறகு ஒன்று கேட்டேன்: "உன் எடத்துல ஆடுறாரே, அவருகிட்ட பேசியிருக்கியா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நாலு பேரு ஒரே ரூம்ல இருக்காங்கண்ணா. ஆட்டத்துக்கு இவ்ளோன்னுதான் காசு. போன மாசக் காசு இன்னும் வரலையாம்."

"உனக்கு?"

"எனக்கும்தான் வரல."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. யாரிடம் போய், யாரைச் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று அவனுக்கே தெரியும்.