ஒரே கோடு

1649-இல் வெளியான ஒரு செப்புத்தகட்டுப் படம். இயேசுவின் முகம். முள்முடி, நெற்றியில் வழியும் ரத்தம், இருபுறமும் தொங்கும் முடி எல்லாம் தெளிவாகத் தெரியும். தாளைக் கண்ணருகே கொண்டுவந்தால் முகம் மறைந்துவிடும். மூக்கின் நுனியில் தொடங்கிச் சுருள் சுருளாக விரிந்து, படம் முழுவதையும் நிறைக்கும் ஒற்றைக் கோடு மட்டுமே மிஞ்சும்.

செதுக்கியவர் கிளோத் மெலான். பிரான்சின் அப்வில் ஊரில் 1598-இல் பிறந்தவர், ரோமில் தொழிலை வளர்த்துக்கொண்டவர். நிழல் வேண்டிய இடத்தில் கோட்டின்மேல் குறுக்குக்கோடு போடுவது அன்றைய செதுக்குநர்களின் வழக்கம். மெலான் அதைப் பெரும்பாலும் தவிர்த்தார். உளியை அழுத்தினால் செம்பில் பள்ளம் ஆழமாகும், அகலமாகும். மை கூடுதலாகத் தங்கும். தாளில் கோடு தடிக்கும். அழுத்தம் தளர்ந்தால் மயிரிழையாக மெலியும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் கண்ணும் உதடும் பிறந்தன. இமைக்கென்று தனியாக ஒரு கோடு அங்கே கிடையாது.

மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் தகட்டை வைத்துச் செதுக்குவார்கள். வளைவு வந்தால் உளி பிடித்த கை அப்படியே இருக்கும். மறு கை தகட்டைத் திருப்பிக் கொடுக்கும். பிசகினால் சுரண்டி, தேய்த்து, பின்பக்கம் தட்டிச் சமன் செய்ய வழி உண்டு. ஆனால் சுருளை ஒட்டிச் சுருள் ஓடும் தகட்டில் ஓரிடத்தைச் சுரண்டினால் பக்கத்துச் சுருள்களும் சேர்ந்து போகும்.

சிலுவை சுமந்து போனவரின் முகத்தை வெரோணிக்கா துணியால் துடைத்தாள், முகம் துணியில் பதிந்தது என்பது கத்தோலிக்கரின் சிலுவைப் பாதை வழிபாட்டில் ஆறாம் நிலை. மெலான் செதுக்கியது அந்தத் துணியைத்தான். மை தடவித் துடைத்த தகட்டின்மேல் ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் தகட்டில் உள்ளதைத் தாள் வாங்கிக்கொள்கிறது. துணி முகத்தை வாங்கிக்கொண்டதும் அப்படித்தானே? இந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொழில் எனக்குத் தெரியவில்லை.

பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கைத்திறனைப் பற்றியே பேசுகிறார்கள். என் கண் நெற்றியில் வழியும் ரத்தத்தில் நின்றுவிடுகிறது. அதற்காகக் கோடு நிற்கவில்லை, விலகவில்லை. கடந்துபோகையில் கை சற்று அழுந்தியிருக்கிறது. சுற்றி வந்து, அதே இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மறுபடியும் அழுந்தியிருக்கிறது. ஒரு துளிக்காக எத்தனை முறை அந்த முகத்தைச் சுற்றி வந்திருப்பார்!