கேலிச் சித்திரத்தின் விலை

ஒருவரை நாலு பேர் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வரைந்த படம், அவர் காலமான பின் அலங்காரப் பொருளாக விலைபோனால், அந்தக் கேலி நியாயமாகி விடுமா? அல்லது அதன் விஷம்தான் இறங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

ஜார்ஜ் ஸாண்ட் என்ற பிரெஞ்சு நாவலாசிரியையை 1842-ஆம் ஆண்டில் லோரென்ட்ஸ் என்பவர் கேலிச் சித்திரமாக வரைந்து கல்லச்சில் வெளியிட்டார். ஆண் உடை, கையில் சிகரெட், சுற்றிலும் புகை. மேதைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது என்று படத்தின் கீழே ஒரு குறும்பு வேறு. இன்று அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவும், அஞ்சலட்டையாக அனுப்பவும், கோப்பையில் காப்பி குடிக்கவும் அச்சிட்டு விற்கிறார்கள்.

ஓரோர் துப்பேன் என்பது அவளுடைய இயற்பெயர். 1804-இல் பிறந்தவள். கணவனைப் பிரிந்து 1831-இல் பாரிஸுக்கு வந்தாள். பெண்களின் மெல்லிய பாதரட்சை பாரிஸ் வீதிக் கற்களுக்குத் தாங்கவில்லை, பாவாடை சேறாயிற்று, நாடகக் கொட்டகையின் மலிவான இடங்களில் பெண்கள் உட்காருவதில்லை. ஆண் உடைக்கு அவளே தன் சுயசரிதையில் சொல்லும் காரணங்கள் இவை. ஆண் உடை தரிக்கும் பெண் போலீஸ் அனுமதி பெற வேண்டும் என்று 1800-இலிருந்து பாரிஸில் ஓர் உத்தரவும் இருந்தது. 1832-இல் 'இந்தியானா' நாவல் ஆண் பெயரில் வெளிவந்தது. அதன்பின் இரவெல்லாம் விழித்து எழுதி, அறுபதுக்கு மேற்பட்ட நாவல்களை அளித்தாள். பேனாவால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினாள். சித்திரக்காரருக்குக் கண்ணில் பட்டது கால்சட்டையும் சிகரெட்டும்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோமியே என்ற மகா ஓவியர், மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாக வரைந்ததற்காக 1832-இல் சிறை சென்றவர். 1835-இல் ஒரு சட்டம் வந்தது: எந்தப் படத்தையும் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. அரசியலை வரையும் வழி அடைபட்டது. 1844-இல் அதே தோமியே, எழுதும் பெண்களைக் கேலி செய்து 40 படங்கள் வெளியிட்டார். ஒன்றில் தாய் எழுத்தில் மூழ்கியிருக்கிறாள். குழந்தை குளிக்கும் தொட்டியில் தலைகுப்புறக் கிடக்கிறது. பார்த்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம்: அந்தக் குழந்தையின் தகப்பன் எங்கே போனான்? அதைக் கேட்க அந்தப் படத்தில் இடமில்லை. மன்னனைச் சிரித்தவனுக்குச் சிறை காத்திருந்தது. பெண்ணைச் சிரித்தவனுக்கு என்ன காத்திருந்தது? கேலியின் தர்மத்தை நிறுக்க இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

கேலியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1854-இல் நதார் என்ற சித்திரக்காரர், ஏறக்குறைய 250 எழுத்தாளர்களைப் பெருந்தலையும் சிற்றுடலுமாக ஊர்வலம் விட்டார். ஊர்வலத்தின் முன்னால் ஜார்ஜ் ஸாண்டின் மார்பளவுச் சிலையை நிறுத்தினார். அதை மட்டும் கோணலாக்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று அறிந்த கை அது.

இன்று லோரென்ட்ஸின் படத்தை வாங்குகிறவர்களில் பலர் அவளிடம் அன்பு கொண்டவர்கள்தாம். அன்று அவமானமாகக் காட்டியதை இவர்கள் பெருமையாக மாட்டிக்கொள்கிறார்கள். இது ஒருவகை நியாயம். ஆனால் பாதி நியாயம். பழித்தவன் பார்த்த அதே கால்சட்டையையும் அதே சிகரெட்டையும்தானே போற்றுகிறவனும் பார்க்கிறான்? கண் மாறவில்லை, முகபாவம் மட்டும் மாறியிருக்கிறது.

கோப்பையை வாங்குவதில் குற்றமில்லை. பக்கத்தில் அவளுடைய 'சாத்தான் குட்டை'யையும் வாங்கி வையுங்கள். 1846-இல் வந்த சிறிய நாவல். மனைவியை இழந்த ஓர் உழவன் மறுமணத்துக்குப் பெண் பார்க்கப் புறப்படும் கதை. காப்பி ஆறுவதற்குள் நாலு பக்கம் படித்துவிடலாம். அதன் பிறகு கோப்பையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். சிகரெட்டுப் புகைக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது தெரியும்.