உடைத்த வாக்கும் எடுத்த ஆயுதமும்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துப் பூக்கமிஷன் கடைகளுக்கு மல்லிகையும் காக்கட்டானும் சம்பங்கியும் அனுப்புகிற செம்மண் நிலங்களுக்குச் சட்டப்படி இரண்டு எசமானர்கள். நிலமும் வேளாண்மையும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதே நிலத்துக்கு அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருந்தால், அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 53ஆவது பதிவுக்குப் போய்விடுகிறது. மேல்மண் சென்னையின் பொறுப்பு, அடிமண் தில்லியின் பொறுப்பு. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பூவும் பலாவும் தென்னையும் வளர்ப்பவரால் மண்ணை அப்படிக் கூறுபோட்டுப் பார்க்க முடியாது.

2017 பிப்ரவரி 15 அன்று நாடு முழுவதும் 31 சிறு எண்ணெய், எரிவாயு வயல் பகுதிகளைக் குத்தகைக்கு விட மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. பக்கத்து ஊரான நெடுவாசல் அந்தப் பட்டியலில் இருந்தது. மறுநாளே நெடுவாசலில் போராட்டம் தொடங்கியது. நாடியம்மன் கோயில் திடலில் வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கீரமங்கலம் என்று வட்டாரமே வந்து உட்கார்ந்தது. மக்கள் விருப்பத்தை மீறித் திட்டம் வராது என்று ஆட்சியில் இருந்தவர்கள் உறுதி சொன்னதை நம்பி, 22 நாளில் போராட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். மார்ச் 27 அன்று தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12 அன்று மறுபடியும் திடலுக்கு வந்தவர்கள் 174 நாள் எழுந்திருக்கவில்லை.

திட்டம் நடக்கவில்லை. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி உள்ளிட்ட ஒன்றியங்களையும் அதில் சேர்த்தது. 2021 ஜூனில் மத்திய அரசு பக்கத்திலுள்ள வடதெருவை மறுபடியும் ஏலப்பட்டியலில் வைத்தது. முதலமைச்சர் எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆக, தகராறு இன்னும் முடியவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் யாரும் துப்பாக்கி தேடிப் போகவில்லை.

இதே மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களின் ஊர்களிலும் தகராறு நிலத்தில்தான், மொழியில்தான், தலைநகருக்கும் வட்டாரத்துக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டில்தான் தொடங்கியது. அது 26 ஆண்டுப் போராக முடிந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. ஒரே வகைத் தகராறு ஓரிடத்தில் திடலிலும் சட்டமன்றத்திலும் நிற்கிறது, இன்னோரிடத்தில் பிணக்காடாகிறது. இரண்டாவது நடக்கும்போது பழி யார் கணக்கில் சேரும்? அதிகாரத்தைப் பகிர மறுத்தவர் கணக்கிலா, ஆயுதம் எடுத்தவர் கணக்கிலா?

அதிகாரத்தைத் தலைநகரில் குவித்ததுதான் குற்றம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒற்றையாட்சியில் அமைதியாக வாழும் நாடுகள் பல உண்டு. கூட்டாட்சியாகப் பிறந்து போரில் விழுந்த நாடுகளும் உண்டு. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதைப் பற்றிக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்பதே இலங்கை வரலாற்றைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுகிறது.

1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செல்வநாயகம் அன்று கைவிட்டது கொஞ்சமல்ல. கட்சியின் ஆங்கிலப் பெயரிலேயே இருந்த கூட்டாட்சிக் கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். ஆகஸ்டு 20க்கு அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தை நிறுத்தினார். கேட்டது பிரதேச சபைகள்: விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி. இன்று ஒரு மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வருகிற விஷயங்களைவிட இவை பெரியவை அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கும் என்பது கூடுதல்.

இதைக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் கூட்டாட்சி தெரியாதவரும் அல்லர். இலங்கைக்குக் கூட்டாட்சியே பொருத்தம் என்று 1926இலேயே எழுதியும் பேசியும் வந்தவர் பண்டாரநாயக்கா. அவரே 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒப்பந்தம் கையெழுத்தானதும் எதிர்க்கட்சியில் இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனா அதற்கு எதிராகக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் ரோஸ்மீட் பிளேஸில் இருந்த பிரதமர் வீட்டின் முன் வந்து உட்கார்ந்தார்கள். வாய்வார்த்தை போதாது, எழுதிக் கொடு என்றார்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுதிக் கொடுத்தார். ஒன்பது மாதம்கூட அது உயிரோடு இருக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் ஒரு மனிதரின் பலவீனம் என்று விட்டுவிடலாம். 1965இல் டட்லி சேனாநாயக்காவும் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். அதன்படி வந்த மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. 1972 அரசமைப்பு நாட்டை ஒற்றையாட்சி என்று எழுதிப் பூட்டியது, சிறுபான்மையினருக்கு முன்பிருந்த சட்டப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு ஜூன் 4 அன்று தேர்தல். நான்கு நாள் முன்பு யாழ்ப்பாணத்தில் சுமார் 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிராக உறுதிமொழி எடுக்காதவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது என்றது. தமிழர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் இருக்கை இழந்தார்கள்.

வாக்கு உடையும்போது முதலில் தோற்பவர் வாக்கை நம்பியவர். ஒப்பந்தம் உடைந்த ஒவ்வொரு முறையும் கொழும்பு இழந்தது ஓர் எதிரியை அல்ல, பேசக்கூடிய ஓர் ஆளை. ஊருக்குத் திரும்பி வந்து, பேசிப் பார்த்தேன், பொறுத்திருங்கள் என்று சொன்ன பெரியவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஆயுதம் வைத்திருந்தவனுக்கு வாதமே தேவைப்படவில்லை. அவனுக்கான வாதத்தைத் தலைநகரே செய்துகொடுத்தது.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எரித்திரியா 1952இல் ஐ.நா. ஏற்பாட்டின்படி எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாகச் சேர்ந்தது. பத்தே ஆண்டில் பேரரசர் ஹெய்லி செலாசி அதைக் கலைத்து மாகாணமாக்கினார். 1991 வரை போர் நீண்டது. சூடானில் 1972ஆம் ஆண்டு அடிஸ் அபாபா உடன்பாடு தெற்குக்குத் தன்னாட்சி தந்து பதினொரு ஆண்டு அமைதியைக் கொடுத்தது. 1983இல், உடன்பாட்டை ஏற்ற அதிபர் நிமெய்ரியே தெற்கை மூன்றாகப் பிரித்து அதைச் செல்லாததாக்கினார். 2005 வரை சாவு ஓயவில்லை. கொடுத்துவிட்டுப் பறித்தது, கொடுக்காமல் இருந்ததைவிடக் கொடிய விளைவைத் தந்தது.

மறுபக்கத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். தலைநகர்களின் அச்சம் எல்லாமே பாசாங்கு அல்ல. தீவில் தாம் பெரும்பான்மை, கடலைத் தாண்டினால் தமிழ்நாட்டின் முன் தாம் சிறுபான்மை என்று சிங்களவர் பலர் உண்மையாகவே அஞ்சினார்கள். வட்டார உரிமை என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் நியாயம்தான் நிற்கும் என்பதும் இல்லை. 1861இல் அமெரிக்கத் தென் மாநிலங்கள் மாநில உரிமை பேசித்தான் பிரிந்தன. காக்க நினைத்தது கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருக்கும் உரிமை. அதற்குப் பதினோராண்டு முன், தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்களிலிருந்து பிடித்துவர மத்திய அரசின் அதிகாரத்தைக் கூப்பிட்டவர்களும் அவர்களே. வாஷிங்டன் தங்களுக்கு உதவினால் மத்திய அதிகாரம் இனித்தது, உதவாதபோது மாநில உரிமை இனித்தது. ஆகவே ஒரு வட்டாரம் அதிகாரம் கேட்கும்போது, யாரை என்ன செய்வதற்காகக் கேட்கிறது என்று விசாரிப்பது அநீதியல்ல.

அந்த விசாரணையில் ஈழப் போராளிகளும் தப்ப முடியாது. 1989 ஜூலையில் தமிழர் ஐக்கிய விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தைக் கொன்றவர்கள் விடுதலைப்புலிகள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 70,000 முஸ்லிம்களை வெளியேற்றியவர்களும் அவர்களே. யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசி வாழ்ந்தவர்களுக்குக் கிளம்பச் சில மணி நேரமே கிடைத்தது. 1999 ஜூலையில், அதிகாரப் பகிர்வுக்கு வரைவு எழுதிய நீலன் திருச்செல்வம் கொழும்பில் தற்கொலைக் குண்டுக்கு இரையானார். கொழும்பு அதிகாரத்தைப் பகிரவில்லை என்று போருக்குப் போன இயக்கம், தன் கையிலிருந்த அதிகாரத்தில் ஒரு பிடியும் எவரோடும் பகிரவில்லை. கொழும்பு வாக்கை உடைத்ததால் ஆயுதம் எழுந்தது என்பது காரணம்; அந்தக் காரணம், பள்ளிப் பிள்ளையைப் படைக்குப் பிடித்துப் போனதையும் அண்டை வீட்டு முஸ்லிமைத் துரத்தியதையும் நியாயமாக்காது. காரணத்தையும் நியாயத்தையும் ஒன்றாக்கிவிடுவதே தமிழ்நாட்டு மேடைகளில் அடிக்கடி நடக்கிறது.

தமிழ்நாடு ஏன் அந்த வழியில் போகவில்லை? தமிழர் இங்கே சாந்தமானவர்கள் என்பது விடையல்ல. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தவர்கள் உண்டு, துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் உண்டு. திராவிட நாடு கேட்ட கட்சியே தேர்தலில் நின்று, 1963இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967இல் கோட்டைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, இந்தி பேசாத மாநிலங்கள் ஒப்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று எழுதியது. தில்லி அந்த வாக்கை உடைக்கவில்லை. 1976இலும் 1991இலும் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. ஆனால் அடுத்த தேர்தல் வந்தது, 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கலைக்கும் கைக்குக் கடிவாளமும் போட்டது. ஏறுவதற்கு எப்போதும் இன்னொரு படி மிச்சமிருந்தது. இந்தியா எல்லா இடத்திலும் இப்படி நடந்துகொள்ளவில்லை. 1987 காஷ்மீர் தேர்தலில் நடந்த முறைகேடு எத்தனை இளைஞர்களைப் படியை விட்டு இறக்கியது என்பதை நாடு பிறகுதான் அறிந்தது.

கீரமங்கலத்து மெய்நின்றநாதர் கோயில் முன்பு பேருருவச் சிவன் சிலையும் எதிரே நக்கீரர் சிலையும் நிற்கின்றன. சிவனின் பாட்டில் தவறு என்று சொன்ன புலவர் நெருப்பைத் தாங்க வேண்டியிருந்தது என்பது கதை. குடியரசில் அந்த நெருப்புக்கு இடமில்லை. தவறு என்று சொல்பவர் பாட்டை முடித்து வீட்டுக்குப் பத்திரமாகப் போகவும், மறுநாள் மறுபடி சொல்லவும் வழி இருக்க வேண்டும். நெடுவாசலில் அந்த வழி அடைபடவில்லை. ஆனால் அங்கும் உறுதியை நம்பிப் போராட்டத்தை நிறுத்திய நாளுக்கும் மார்ச் 27 கையெழுத்துக்கும் இடையில் மூன்று வாரம்கூட இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

தில்லியைக் குறைசொல்லும் சென்னைக்கும் இதே அளவுகோல்தான். நெடுவாசல் திடலில் மக்கள் உட்கார்ந்திருந்த 2017 முழுவதும் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி ஒன்றுகூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் தொடங்கியது. கீரமங்கலம் போன்ற பேரூராட்சிகள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. கஜா புயலில் தென்னை சாய்ந்து கிடந்த 2018 நவம்பரில், ஊரின் குறையைக் கேட்க ஊர் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்த நிவாரணத்துக்கு மாநிலம் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது, மத்திய அரசு 1,146 கோடி கொடுத்தது என்று நியாயமாகவே முறையிட்ட சென்னை, கிராமத்துக்குத் தான் தர வேண்டியதைப் பற்றிப் பேசவில்லை.

போரில் வென்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1847இல் சுவிட்சர்லாந்தில் கத்தோலிக்க மாநிலங்கள் தமக்குள் அமைத்திருந்த தனிக் கூட்டணியைக் கலைக்க மறுத்தபோது ஒரு மாதத்துக்கும் குறைவான உள்நாட்டுப் போர் நடந்தது. இறந்தவர் நூறு பேர் அளவில். அடுத்த ஆண்டே வென்றவர்கள் எழுதிய அரசமைப்பு, தோற்ற சிறு மாநிலங்களுக்கும் மேலவையில் மற்றவர்களைப் போலவே ஆளுக்கு இரண்டு இடம் தந்தது. இலங்கையில் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிக்கொடுத்த காணி, போலீஸ் அதிகாரம் இன்றுவரை முழுதாகக் கைமாறவில்லை. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து 2013இல் வடக்கு மாகாண சபைக்கு நடந்த முதல் தேர்தலில் மக்கள் திரண்டு வாக்களித்தார்கள். 2018இல் அந்தச் சபையின் காலம் முடிந்தது. பிறகு பல ஆண்டுகள் ஆளுநரே ஆண்டார்.

ஆகவே பழியைப் பாதிப்பாதியாகப் பங்கிட முடியாது. படைக்கும் கஜானாவுக்கும் சட்டப் புத்தகத்துக்கும் உரியவர் தலைநகரில் இருக்கிறார். உடைக்கும் வசதி அவருக்கே அதிகம் என்பதால், உடையாமல் காக்கும் கடமையும் அவருக்கே முதலில். வாக்கை உடைத்து, பிறகு தேர்தல் பாதையையும் அடைக்கிற அரசு போரின் முதல் பழியை ஏற்க வேண்டும். ஆயுதம் எடுத்தவர் அதன்பின் சிந்திய ஒவ்வொரு துளிக்கும் தனியே கணக்குச் சொல்ல வேண்டும். முன்னவரின் குற்றம் அந்தக் கணக்கில் ஒரு வரியையும் அழிக்காது. அதிகாரம் கேட்கும் வட்டாரமோ, கேட்கும் நாளிலேயே தனக்குக் கீழே உள்ளவர்க்கும் தன்னிடையே சிறுபான்மையாய் வாழ்பவர்க்கும் அதைப் பங்கிட்டுக் காட்டினால்தான் அதன் கோரிக்கை அறமாகும்.