விடுமுறை யாருக்கு?



டிசம்பர் வந்தால் ஒரே விண்ணப்பம் பல வீடுகளிலிருந்து என்னிடம் வருகிறது. "பாஸ்டர், பையனுக்கு செமஸ்டர் லீவு விட்டுட்டாங்க. பத்து மணி வரைக்கும் தூங்குறான். எழுந்தா கையில போனு. லீவைப் பிரயோஜனமா கழிக்கச் சொல்லி நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க." கேட்கிறவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். நம் சபைப் பிள்ளைகளில் அநேகர் பொறியியல் படிக்கிறார்கள். நவம்பரில் தொடங்கும் பரீட்சை டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் அடுத்த செமஸ்டர். நடுவில் இரண்டு வாரமோ நாலு வாரமோ, அவரவர் கல்லூரியைப் பொறுத்து.

அந்தத் தாய்மார் சொல்லுகிற "பிரயோஜனம்" என்ற வார்த்தையை இந்த மாதம் கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். யாருக்குப் பிரயோஜனம்? எதை வைத்து அளக்கிறோம்?

முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகாரில் பாதி அதுதான். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு ராத்திரி 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். பரீட்சை மாதத்தில் நம் பிள்ளைகள் அதில் பாதி தூங்கியிருந்தால் பெரிய காரியம். படித்தது மனதில் தங்குவதற்கும் தூக்கம் வேண்டும். ஆகவே முதல் மூன்று நாலு நாள் அவன் தூங்கட்டும், விடுங்கள். அதைப் பாவம் மாதிரிப் பேச வேண்டாம்.

யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடத்தில் போய் ஜனங்களுக்கு மூன்று நாள் பயணம் போக விடுமுறை கேட்கிறார்கள். அவன் என்ன பதில் சொன்னான்? இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் கேட்கிறார்கள் என்றான். அதோடு விட்டானா? வைக்கோலை நிறுத்தினான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. ஓய்வு கேட்டவனுக்குச் சோம்பேறி என்று பேர் வைப்பது பழைய வழக்கம். பிள்ளை பரீட்சை எழுதி மூன்றாம் நாளே "அடுத்து என்ன கோர்ஸ்?" என்று கேட்கிற தகப்பன்மார் இந்த அதிகாரத்தை இரண்டு தரம் வாசிக்கலாம்.

அதே வேதத்தில் சோம்பேறியை எறும்பினிடத்தில் பாடம் படிக்க அனுப்புகிற நீதிமொழிகளும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சோம்பலும் உண்மை, ஓய்வும் உண்மை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், இரண்டுபேரும் பாயில் படுத்திருப்பார்கள். எப்படிப் பிரித்து அறிவது?

எனக்கு இதிலே உபாகமம் 5-ம் அதிகாரம்தான் வெளிச்சம் தருகிறது. ஓய்வுநாள் கட்டளை அங்கே மறுபடியும் சொல்லப்படுகிறது. யார் யார் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல்: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன். உன்னைப் போல உன் வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும் என்று காரணமும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன், அதை மறக்காதே என்கிறது. அதாவது வீட்டில் ஒருத்தன் மட்டும் படுத்திருந்து, மற்றவர்கள் அவனுக்காக ஓடிக்கொண்டிருந்தால் கட்டளை நிறைவேறவில்லை. மாட்டைக்கூட நுகத்திலிருந்து அவிழ்த்துவிட வேண்டும்!

தன் பாரத்தை இறக்கி வைக்கிறவன் ஓய்வெடுக்கிறான். தன் பாரத்தை இன்னொருத்தர் தலையில் ஏற்றிவிட்டுப் படுக்கிறவன்தான் சோம்பேறி. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம்ம வீடுகளுக்குள் வருவோம்.

மகன் ஹாஸ்டலிலிருந்து பையோடு வருகிறான். பையைத் திறந்தால் அழுக்குத் துணி. அம்மா துவைக்கிறாள். அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வைக்கிறாள். பதினோரு மணிக்கு எழுந்து வருகிறவனுக்குத் தோசையைத் தனியாகச் சுடுகிறாள். அவனுக்கு லீவு விட்ட அன்றிலிருந்து அவளுக்கு வேலை ஒன்றரை மடங்கு. அவள் புகார் சொல்லுவது அவன் கோர்ஸ் படிக்கவில்லை என்று. தன் கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பீடி சுற்றியும் தையல் மிஷின் மிதித்தும் பீஸ் கட்டுகிற தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு செமஸ்டர் லீவு எந்த மாதத்தில் வருகிறது?

மகள் காரியம் வேறு. அவளும் அதே பரீட்சை எழுதி, அதே பஸ்ஸில்தான் வருகிறாள். வந்த சாயங்காலமே அடுப்படியில் நிற்கிறாள். "பொம்பளப் பிள்ளை, அம்மாவுக்கு ஒத்தாசை" என்கிறோம். ஒத்தாசை நல்லதுதான். ஆனால் அண்ணன் கட்டிலில் இருக்க, தங்கை மட்டும் ஒத்தாசை செய்தால் அதற்குப் பேர் லீவு இல்லை, வேலை இடமாற்றம். உபாகமத்தின் பட்டியலில் மகனுக்கு அடுத்த வார்த்தை மகள் என்பதைத் தகப்பன்மார் கவனிக்க வேண்டும்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது ஐசக் நியூட்டன் கதை எல்லார் போனிலும் சுற்றியது. 1665-ல் கொள்ளைநோயினால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது, அவர் சொந்த ஊரான வுல்ஸ்தோர்ப்புக்குப் போனார், அந்த நாட்களில்தான் கால்குலஸ், ஒளி, ஈர்ப்பு விசை பற்றிய பெரிய சிந்தனைகள் அவருக்குள் வளர்ந்தன. உண்மைதான். இப்பவும் டிசம்பரில் இதை அனுப்பிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கதையில் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அதற்குச் சில வருஷம் முன்னே அவருடைய தாய் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பண்ணை வேலைக்குப் போட்டுப் பார்த்தாள். அவர் அதற்கு லாயக்கில்லை என்று கண்டு திரும்பப் படிக்க அனுப்பினாள். அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பண்ணையை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். அந்த யாரோவின் பேர் எந்த மெசேஜிலும் வருவதில்லை.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? வேண்டும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-லேயே தன்னையே சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்: கற்றதில் பெரும்பகுதி முதல் நாட்களிலேயே மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், முந்தின செமஸ்டரில் தடுமாறின ஒரே பாடத்தை எடுத்து வைத்தால் போதும். புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஐஐடி பேராசிரியர்கள் நடத்துகிற என்பிடெல் பாடங்களைப் பார்க்கலாம். படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழுக்குப் பரீட்சை எழுதினால்தான் பணம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பதினைந்து நாளில் எல்லாம் சொல்லித்தருகிறோம் என்று பல ஆயிரம் கேட்கிற இடங்களுக்குத் தகப்பன் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம். கட்டின பிறகு என்னிடம் ஜெபிக்க வருகிறார்கள்!

பதினெட்டு முடிந்தவர்கள் எல்எல்ஆர் போட்டுவிடலாம். முப்பது நாள் கழிந்தால் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். சம்பாதிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் வழி உண்டு. மார்கழியில் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், கேட்டரிங் வேலை குறைவு. ஆனால் துணிக்கடைகளில் பொங்கல் வரைக்கும் கூட்டம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஏழு நாள் முகாம் லீவில் வந்தால் தயங்காமல் போகட்டும். வேறொரு கிராமத்தின் வாய்க்காலைச் சுத்தம் பண்ணிவிட்டு வருகிறவன், வந்து நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் எட்டிப் பார்ப்பான் என்று நம்புவோம்.

வாலிபத் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் லீவில் ஒரு முழு நாளை எடுத்து அம்மாவுக்குக் கொடுங்கள். அன்றைக்கு அவர்கள் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. பரிசு, சேலை ஒன்றும் வேண்டாம், நாள் வேண்டும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவரானால், வண்டியைக் கழுவி, டயரில் காற்றுப் பார்த்து வையுங்கள். அவர் அரை மணி நேரம் கூடப் படுக்கட்டும். எப்படிச் செய்கிறதென்று தெரியாவிட்டால் கேளுங்கள். சாம்பார் வைக்கத் தெரியாத மெக்கானிகல் மாணவர்கள் நம் சபையில் குறைந்தது ஆறு பேர் எனக்குத் தெரியும்.

இதை வீட்டுக்குச் சொல்லிவிட்டுச் சபையில் மாற்றாமல் இருந்தால் நியாயமில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு வருஷாவருஷம் சகோதரிகள்தான் பின்னால் ஷெட்டில் சமைத்து, பாதி ஆராதனையைப் புகைக்குள் நின்று கேட்கிறார்கள். இந்த வருஷம் சகோதரிகள் தொடக்கப் பாட்டிலிருந்து உள்ளே உட்காருவார்கள். சமையல் கல்லூரிச் சகோதரர்கள் பொறுப்பு. 30-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வெங்காயம், பூண்டு உரிக்க வரவும். அரிவாள்மனை சபையில் இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் கத்தி இருந்தால் கொண்டுவரவும். நானும் வருகிறேன்.