கூலியா, கொடையா?

ஆண்டுதோறும் கோடையில் நம் நகரத்துப் பள்ளிகள் மூடிக் கிடக்கும் வேளையில், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் பயிலும் சில பிள்ளைகள் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். கல்லூரி ஒன்றிலோ, ஆய்வு நிறுவனம் ஒன்றிலோ சில நாள் தங்கி, பள்ளிப் பாடத்துக்கு அப்பாற்பட்டதைக் கற்றுத் திரும்புகிறார்கள். இது நம் நாட்டுக்குப் புதிதன்று. உலகக் கணித ஒலிம்பியாடில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது 1989-இல். அதற்கான அறுவர் குழு, கோடைப் பயிற்சி முகாமில் பயின்றவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. 2008-இல் நடுவண் அரசு தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்பில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்குக் கல்லூரிகளில் ஐந்து நாள் அறிவியல் முகாம்கள் நடத்தப்பட்டன. 2019-இல் இஸ்ரோ நிறுவனம் ஒன்பதாம் வகுப்பினர்க்காக 'யுவிகா' என்னும் இருவார உறைவிடப் பயிற்சியைத் தொடங்கியது.

பிள்ளைக்கு இடம் கிடைத்த செய்தி வந்தவுடன் வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். மகிழ்ச்சி இயல்பே. ஆயினும் அந்த மகிழ்ச்சியின் நடுவே ஒரு வினா மறைந்து போகிறது. பலருள் ஒரு சிலரை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் சிறந்ததைக் கொடுப்பது நியாயமா?

நியாயம் இல்லை என்பார் கூற்றை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாந்தோம் பேராலயத்துக்குச் சற்று வடக்கே நொச்சிக்குப்பம் இருக்கிறது. அடையாற்றின் முகத்துவாரத்தருகே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளையும், மயிலாப்பூர் மாடவீதியில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே பிறந்த பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். வினாத்தாள் ஒன்றுதான்; அதுவரை அவர்கள் நடந்து வந்த பாதை ஒன்றன்று. உள்ளவனுக்கே மேலும் கொடுப்பதாகத் தேர்வு முடிந்துவிடுகிறது என்பது இவர்கள் குறை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, நாட்டுக்கு அறிஞர் தேவை என்பதாகும். அவ்விடை போதாது. பதினைந்து வயதுப் பிள்ளையை நாட்டின் கருவியாகக் கருதுவது, அப்பிள்ளையை மதிப்பதாகாது. மற்றொரு விடை, 'அவன் உழைத்தான், பெற்றான்' என்பது. இதுவே நம் வீடுகளில் பெரிதும் ஒலிப்பது; எனவே இதனைச் சற்று நின்று ஆராய்வோம்.

உழைத்தவன் பெறுவது கூலி. கூலியை வாங்கியவனிடம் 'அதை என்ன செய்தாய்?' என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் முகாமில் கிடைக்கும் இடம் முழுவதும் கூலிதானா? ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்த இரு தோழரில் ஒருவன் ஒரு மதிப்பெண்ணால் உள்ளே செல்கிறான்; மற்றவன் அதே ஒரு மதிப்பெண்ணால் வெளியே நிற்கிறான். அந்த ஒரு மதிப்பெண் இருவருடைய தகுதியையும் அளந்துவிட்டதென்று யாரே துணிந்து கூறுவர்? அன்று காலை ஒருவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். உழைக்கும் ஆற்றலுங்கூட, நல்ல உணவும் அமைதியான வீடும் பொறுமையுள்ள ஆசிரியரும் சேர்ந்து வளர்த்தது அன்றோ? கூலியோடு பெரும்பகுதி கொடையும் கலந்தே வருகிறது. தாலந்து உவமையிலும் தாலந்துகள் ஊழியர்களின் சொந்தமாக இருந்தவை அல்ல. அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டவை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நல்ல முகாம் ஒன்று இந்த உண்மையைச் சொற்பொழிவின்றியே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகிறது. அமெரிக்காவில் நோட்டர்டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், 1957-இல் ஆர்னால்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் பள்ளி மாணவர்க்கென ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கினார். எளிய பொருள்களை ஆழ்ந்து எண்ணுவது என்பதே அதன் குறிக்கோள். ஒன்றும் மூன்றும் நான்கு. அத்துடன் ஐந்து சேர்ந்தால் ஒன்பது. ஏழு சேர்ந்தால் பதினாறு. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே வருமா? ஏன்? இத்தகைய வினாவுக்கு முன்னே, பள்ளியில் என்றும் முதலிடம் பெற்ற பிள்ளை திகைத்து நிற்கிறான். மனப்பாடம் உதவவில்லை. இரவு விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் ஒரு படத்தை வரைந்து காட்டுகிறான், புள்ளிகள் சதுரமாக வளர்கின்றன, புரிந்துவிடுகிறது. அங்கே தங்கியிருப்பதன் பயன் இதுவே. வகுப்பு முடிந்தாலும் வினா முடிவதில்லை. அது உணவுக்கூடத்துக்கும் மொட்டைமாடிக்கும் உடன் வருகிறது. ஒருவன் கண்ட விடையை மற்றவன் பெறும்போது முதலாமவனுக்கு எதுவும் குறைவதில்லை. அப்பத்தைப் பிட்டால் பங்கு சிறுத்துப்போகும், அறிவு அவ்வாறன்று.

நம் நகரமே இதற்கு ஒரு நல்ல சான்றைத் தருகிறது. பிரான்சு நாட்டில் பிறந்து, எலி கார்ட்டான் என்னும் பெருங்கணித மேதையிடம் ஆய்வு செய்த இயேசு சபைக் குரு அருட்தந்தை சார்லஸ் ரசீன், 1937-இல் இந்தியா வந்தார். பின்னர் நுங்கம்பாக்கம் இலயோலாக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தார். ஐரோப்பாவில் அன்று புதிதாக வளர்ந்துகொண்டிருந்த கணிதத்தைத் தம் மாணவருக்கு அறிமுகம் செய்து, ஆய்வுக்கு அவர்களை ஊக்கி அனுப்பினார். அவ்வாறு மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றவர்களுள் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அடங்குவர். 1965-இல் இருவரும் இணைந்து வெளியிட்ட தேற்றம் இன்று அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. சேஷாத்ரி அப்புகழோடு நின்றுவிடவில்லை. சென்னைக்குத் திரும்பி, 1989-இல் கணிதத்துக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். தியாகராய நகரில் பல்லாண்டு இயங்கிய அந்நிறுவனம், 1998-இல் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞருக்கும் கதவைத் திறந்தது. பின்னர்ச் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்து இன்றும் பணியாற்றுகிறது. குருவிடம் பெற்றதைக் குருவுக்குத் திருப்பித் தர இயலாது. அடுத்த தலைமுறைக்குத்தான் தர இயலும்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டால், முகாம்களையும் நாம் தரம்பிரித்து அறியலாம். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரால் பல இலட்சம் ரூபாய் கட்டணத்தில் கோடைப் பயிற்சிகள் விளம்பரம் செய்யப்படுகின்றன. வளாகத்தை வாடகைக்கு எடுத்துப் பிறர் நடத்துபவையும் அவற்றுள் உண்டு. அங்கும் பிள்ளை நல்லது கற்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு வரி கூட்டுவதற்காக வாங்கப்பட்ட சான்றிதழ், பெற்றது கொடை என்னும் உணர்வை வளர்ப்பது அரிது. மாறாக, யுவிகாவில் பயணச் செலவையும் தங்குமிடச் செலவையும் இஸ்ரோவே ஏற்கிறது. தேர்வில் ஊர்ப்புறப் பள்ளி மாணவர்க்குத் தனி மதிப்பெண்ணும் அளிக்கிறது. பாதை ஒன்றன்று என்பதை ஒப்புக்கொண்ட தேர்வு அது. எந்தத் தேர்வும் முழு நியாயமாக இராது. தன் குறையை அறிந்த தேர்வு, அறியாததினும் மேலானது.

எனவே முதலில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். சிலரைப் பிரித்தெடுப்பது, அவர்கள் மீண்டும் பலரிடம் வந்து சேர்வார்களாயின் நியாயமாகும். வராவிடில், எவ்வளவு நேர்மையாகத் தேர்வு நடந்திருப்பினும் அது நியாயம் ஆகாது. இதில் பெற்றோரின் பொறுப்பும் பெரிது. முகாமிலிருந்து திரும்பிய பிள்ளையிடம் 'எத்தனையாவதாக வந்தாய்?' என்று கேட்பது நம் வழக்கம். 'உனக்குப் பிடித்த கணக்கு எது? அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தருவாயா?' என்று கேட்டுப் பார்ப்போம். ஒரு மதிப்பெண்ணால் வெளியே நின்ற அந்தத் தோழன் அடுத்த தெருவிலேயே இருக்கிறான். பள்ளி திறக்க இன்னும் சில வாரங்கள் உள்ளன. முகாமில் எழுதிய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பிள்ளை முதலில் அவன் வீட்டுக்குச் செல்லட்டும்.