எலும்பு சொல்லாதது

சில வருஷங்களுக்கு முன் ஆபீஸில் ஒரு பக். லாகில் அது முதன்முதலாகத் தலைகாட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கோடை மாற்றியது டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் அவனைக் கைகாட்டியது நான். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த இடத்தில் லாக் எழுத ஆரம்பித்ததே அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பக் அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

நாம், யானை, வௌவால் எல்லாம் அடங்கிய நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் எப்போது தோன்றின என்ற சண்டையைப் படிக்கும்போது அவன் ஞாபகம்தான் வருகிறது. 2013இல் மௌரீன் ஓலியரியின் குழு 86 உயிரினங்களின் 4,541 உடற்பண்புகளை ஒப்பிட்டது. இவற்றின் பொது மூதாதை வந்தது டைனோசர்கள் அழிந்த பிறகே, அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம்தான் என்றது. அதற்கு முந்தைய வருஷம் மரபணுக்களை வைத்துக் கணக்கிட்ட இன்னொரு குழு சொன்னது, சுமார் 9 கோடி.

எலும்பு சொல்வது "நான் இருந்தேன்" என்பதை மட்டும்தான். "எனக்கு முன்னால் யாரும் இல்லை" என்று எந்த எலும்பும் சொல்லாது. சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த, மூஞ்சூறு அளவிலான ஜுராமாயாவுக்கு வயது 16 கோடி என்று 2011இல் அறிவித்தார்கள். கங்காரு வம்சமும் நம் வம்சமும் பிரிந்த காலம் ஒரே எலும்புக்கூட்டால் 3.5 கோடி ஆண்டு பின்னோக்கிப் போனது. (பிறகு அந்த வயதையே சந்தேகித்தவர்களும் உண்டு.)

அப்போ டிஎன்ஏவை நம்பிவிடலாமா? 1960களில் ஸுக்கர்கண்டலும் பாலிங்கும் ஹீமோகுளோபினை வைத்து முன்வைத்த யோசனை எளிமையானது. மாற்றங்கள் ஏறக்குறைய சீராகச் சேர்கின்றன, எனவே வித்தியாசங்களை எண்ணினால் பிரிந்த காலம் தெரியும். ஆனால் எலியின் கடிகாரம் வேகமாக ஓடும், திமிங்கிலத்துடையது மெதுவாக. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு மாற்றத்துக்கு எத்தனை வருஷம் என்று கடிகாரத்துக்கே தெரியாது. சொல்லித்தர ஒரு எலும்பு வேண்டும். இரண்டு சாட்சிகள் என்று நினைத்தோம். ஒருவர் மற்றவரிடம் கேட்டுவிட்டுத்தான் கூண்டில் ஏறுகிறார்.

அதற்காக "கிடைக்கல, ஆனா இருந்துச்சு" என்று எதையும் சொல்லிவிட முடியாது. டைனோசர் காலத்துப் பாலூட்டிப் பற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நஞ்சுக்கொடிப் பாலூட்டி அவற்றில் ஒன்றுகூட இல்லை. தேடிய இடத்தில் இல்லாததற்கு எடை உண்டு. நானோ யாரும் பார்க்காத நாட்களை, பக் இல்லாத நாட்களாக வாசித்தேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், காபி மெஷின் பக்கத்தில், தனியாக. "பரவால்லண்ணா" என்றான். பழி சொன்னது இருபது பேர் முன்னால் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.