நோயுற்ற கோழியும் நமது பேரேடும்

வீட்டில் ஆசையாய் வளர்த்த கோழி ஒன்று நோயில் விழுந்துவிட்டால் அதற்கு என்ன செய்ய வேண்டும்? இதுவும் ஒரு கேள்வியா என்று சகோதரர்கள் சிலர் நகைக்கக் கூடும். கோழியென்றால் அறுத்துண்பதற்குரிய பிராணி. அதற்குப் போய் வைத்தியமா, பத்தியமா என்பார்கள். ஆயினும் சற்றுப் பொறுத்து யோசித்தால், வியாபாரிகளாகிய நம்மைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்று இதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். பலன் தந்த வரையில் ஓர் உயிரை வைத்திருந்தோம்; பலன் நின்றதும் அதன்பால் நமக்குள்ள கடமையும் நின்றுவிடுகிறதா என்பதே அக்கேள்வி.

கம்பத்து வீடுகளிலும், பின்புறத்தில் கொஞ்சம் முற்றமுள்ள வீடுகளிலும் பிள்ளைகள் ஒன்றிரண்டு கோழிகள் வளர்ப்பதுண்டு. குஞ்சாக வந்தது கையிலுள்ள அரிசியைக் கொத்தித் தின்று வளர்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருகிறது. இரண்டு வருஷம் முட்டையிட்டுக் கொடுக்கிறது. ஒரு நாள் காலையில் இறகைச் சிலுப்பிக் கொண்டு, கண்ணை மூடி, கூட்டின் மூலையில் குந்திவிடுகிறது. இரையெடுப்பதில்லை. "அத்தா, இதுக்கு என்ன?" என்று பிள்ளை கேட்கிறது. அத்தாவோ மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். கோழியின் விலை முப்பது வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். மிருக வைத்தியரிடம் கொண்டு போனால் அறுபது வெள்ளி ஆகிறதென்றும் வைத்துக் கொள்வோம். முப்பது வெள்ளிச் சரக்குக்கு அறுபது வெள்ளி செலவழிப்பவன் கடை நடத்த முடியுமா?

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் கோழியைச் சரக்கு என்று பற்று எழுதிய இடத்திலேதான் பிழை நேர்ந்துவிட்டது. கடையில் அடுக்கிய மூட்டைக்குப் பசியில்லை, தாகமில்லை, நோவில்லை. கோழிக்கோ இவையனைத்தும் உண்டு. மேலும், அதைக் கூட்டில் அடைத்த நாளிலேயே, தானே அலைந்து இரை தேடும் வழியை நாம் அடைத்துவிட்டோம். அன்று முதல் அதன் வயிற்றுக்கு நாமே ஜவாப்தாரிகள் ஆகிவிட்டோம்.

பூனையைக் கட்டிவைத்த பெண்மணியின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. அவள் அதற்குத் தீனியும் போடவில்லை. பூமியில் கிடைப்பதைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அதனால் தண்டனைக்கு ஆளானாள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பூனையால் அவளுக்கு என்ன வருமானம் என்ற விசாரணையே அங்கு இல்லை. அடைத்து வைத்தவள் அவள். ஆகவே பொறுப்பும் அவளுடையது.

ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள் 1262-ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 660-இல், மறைந்தவர்கள். அப்பெரியார் தமது 'கவாயிதுல் அஹ்காம்' என்ற நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றின் தேவைக்குச் செலவிட வேண்டும். முதுமையாலோ பிணியாலோ பயனற்றுப் போனாலும் அச்செலவை நிறுத்தலாகாது என்பது அவ்வுரிமைகளில் ஒன்று. ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கேள்விக்கு விடை எழுதப்பட்டு விட்டது!

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். வாரந்தோறும் கோழிக் கறி உண்கிற நாம், ஒரு கோழிக்கு மட்டும் கண்ணீர் விடுவது பாசாங்கு அல்லவா? நியாயமான ஆட்சேபணைதான். இதற்குச் சமாதானம் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் இருக்கிறது. ஒரு வீட்டுச் சிறுவன் கோழியைக் கட்டி வைத்து அதன்மேல் குறிபார்த்து எய்து கொண்டிருந்தான். அவர்கள் நேரே சென்று கோழியைக் கட்டவிழ்த்து, சிறுவனையும் பெரியவர்களிடம் அழைத்து வந்து, பிள்ளைகளை இச்செயலிலிருந்து தடுக்குமாறு கூறினார்கள். அந்தக் கோழியும் பின்னொரு நாள் அடுப்புக்குப் போயிருக்கலாம். பெருமானார் (ஸல்) அவர்களே கோழிக் கறி உண்டதை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே உண்பதற்கு அனுமதி உண்டு. வதைப்பதற்கு அனுமதி இல்லை. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணியின் துன்பத்தைக் குறைக்கச் சொன்ன மார்க்கம், அதை மூலையில் கிடந்து நாள்கணக்கில் துடித்துச் சாக விடுவதற்கு எப்படி இடங்கொடுக்கும்?

இரண்டாவது ஆட்சேபணை வீண் விரயத்தைப் பற்றியது. ஏழை எளியவர் இருக்கக் கோழிக்குச் செலவா என்பர். வசதிக்கு மீறிக் கடன்பட்டு வைத்தியம் பார் என்று யாரும் சொல்லவில்லை. மனைவி மக்களின் செலவும் ஏழையின் பங்கும் முந்தியவையே. ஆனால் முதற் பராமரிப்புக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை, பொழுதுதான் வேண்டும். நோயுற்றதை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, பழைய பத்திரிகைத் தாள் விரித்த பெட்டியில் காற்றோட்டமாக வைக்கலாம். கோழியின் உடற்சூடு இயல்பிலேயே சுமார் 41 டிகிரி; நோயில் அது குளிர்ந்துவிடாதபடி, மழை இரவில் சற்றுத் தள்ளி ஒரு மின்விளக்கை எரியவிடலாம். சுத்தமான தண்ணீரும் குழைந்த சோறும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சோர்ந்த கோழியின் வாயில் தண்ணீரை ஊற்றக் கூடாது; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். முட்டை அடைத்துக் கொண்டிருக்கிறதா, பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வெள்ளைக் கழிச்சல் போன்ற வைரஸ் நோய்களுக்கு மருந்துக் கடை மாத்திரை பலிக்காது; முன்கூட்டிப் போடும் தடுப்பு மருந்தே காவல். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை, வைத்தியர் சொல்லும் கெடு முடியும் வரை உண்ணலாகாது.

நம் இனத்தார் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கோழி செத்துப் போகுமுன் எவன் தலையிலாவது கட்டிவிட்டால் முதலாவது மிஞ்சுமே என்று ஷைத்தான் காதில் ஓதுவான். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்து கொண்டதை நாம் அறிவோம். நோயை மறைத்து விற்ற கோழியும் அந்த ஈரத் தானியமும் ஒன்றே. நோய்க் கோழியை அறுத்து ஏழைக்கு ஸதகா என்று கொடுப்பதோ அதனினும் கேவலம். நாம் உண்ணத் தயங்குவதைப் பிறருக்குத் தருவது தர்மமாகாது.

கோழிகள் அடுத்தடுத்துத் திடீரென மடியுமானால் விஷயம் வேறு. 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டது நினைவிருக்கலாம். அத்தகைய வேளையில் உடனே கால்நடை மருத்துவத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; மறைத்து வைப்பது அயலாருக்குச் செய்யும் துரோகம். அதிகாரிகள் அழிக்கச் சொன்னால் மனம் நொந்தாலும் இணங்குவதே கடமை.

அப்படியின்றி, பராமரித்தும் தேறாது, வேதனை மட்டுமே மிச்சம் என்று தெரிந்துவிட்டால், கூரிய கத்தியால் பிஸ்மில்லாஹ் சொல்லி, மற்றக் கோழிகளின் கண்ணில் படாமல், ஒரே முறையில் அறுத்து ஆழப் புதைத்து விடலாம். கறியை எண்ணாமல் செய்யும் அந்த அறுப்பும் இரக்கத்தைச் சேர்ந்ததே. ஆகப் பராமரிப்பதும் கூடும், அறுப்பதும் கூடும். ஏறெடுத்தும் பாராமல் போட்டு வைப்பதுதான் கூடாது.

இத்தனையையும் அருகில் நின்று பார்த்துக் கொண்டிருப்பது யார்? அந்தப் பிள்ளைதான். முட்டையிட்டவரை தீனி, நின்றதும் குப்பை என்ற பாடத்தை அது கோழியிடத்தில் கற்றுக் கொண்டால், கோழியோடு அப்பாடம் முடியாது. நாளை கடையை அது ஏற்று நடத்தும்போது, முப்பது வருஷம் கல்லாவைக் காத்துக் கண் மங்கிய கணக்கப்பிள்ளையைப் பார்க்கும். அவருக்கடுத்து, கால் தள்ளாடும் அத்தாவையும் பார்க்கும். இவரால் இனி என்ன வரவு என்று அது பேரேட்டைப் புரட்டுமாயின், அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

அனைத்துயிர்க்கும் உணவளிக்கும் ரஹ்மான், நம் பொறுப்பில் ஒப்படைத்த வாயில்லா ஜீவன்களின் கணக்கில் நம்மைக் கடன்காரராக்காமல் காத்தருள்வானாக. ஆமீன்.